மறைத்து வைத்த ஆயுதமும் பழைய சட்டங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்தியை இடுப்பில் வெளியே தெரியும்படி கட்டினால் பிரச்சினை இல்லை, அதையே சட்டைக்குள் செருகினால் அபராதம் அல்லது சிறை. பல நாடுகளில் நூற்றாண்டுக் கணக்கில் சட்டம் இப்படித்தான் இருந்திருக்கிறது. இதைப் பற்றிப் பேச்சு வரும்போது வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும், சிலவற்றுக்கு உட்கார்ந்து கதையே சொல்ல வேண்டியிருக்கிறது.

மறைத்தால் மட்டும் ஏன் குற்றம்? எப்படி வைத்திருந்தாலும் ஆயுதம் ஆயுதம்தானே?

நியாயமான கேள்வி. பழைய சட்டங்களை எழுதியவர்கள் கத்தியின் கூர்மையைவிட அதை வைத்திருப்பவனின் எண்ணத்தைத்தான் பிடிக்கப் பார்த்தார்கள். எண்ணத்தைச் சோதனை போட்டு வெளியே எடுக்க முடியாதே, அதனால் மறைப்பையே எண்ணத்துக்கு அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். வாளை வெளியே கட்டியவனைப் பார்த்து எதிரில் வருகிறவன் ஒதுங்கிப் போகலாம், ஆள் சேர்க்கலாம், தானும் தயாராகலாம். மறைத்து வைத்தவன் அந்த வாய்ப்பையே கொடுக்காமல் நெருங்கி வருகிறான். மெய்ப்பொருள் நாயனார் கதை நமக்குத் தெரியும். போர்க்களத்தில் தோற்றுத் தோற்றுப் போன முத்தநாதன், திருநீறு பூசிக்கொண்டு ஏட்டுக்கட்டுக்குள் கத்தியை ஒளித்து வந்தபோதுதான் காரியத்தை முடித்தான். இந்த மாதிரிச் சாவின் மீது எல்லாச் சமூகங்களுக்கும் ஒரு தனி வெறுப்பு இருந்திருக்கிறது.

அமெரிக்காவின் லூயிசியானா மாநில உச்ச நீதிமன்றம் 1850இல், சாண்ட்லர் வழக்கில், இதை வெளிப்படையாகவே எழுதியது. எல்லார் கண்ணுக்கும் படும்படி ஆயுதம் தாங்கினால் மனிதர்கள் சமமாக நிற்கிறார்கள், ஒளித்து வைத்தால் ஒருவனுக்கு ரகசியமான அனுகூலம் கிடைத்துவிடுகிறது, அது கோழைத்தனமான கொலைகளில் போய் முடிகிறது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்த மாதிரிச் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது யார்?

ஒரு ஊரைக் காட்டி "இதுதான் முதல்" என்று சொல்வது சரியாக இருக்காது. கிரேக்கர்களிலேயே அன்றாட வாழ்க்கையில் ஆயுதத்தைக் கழற்றி வைத்தவர்கள் ஏதென்ஸ்காரர்கள்தான் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார், ஆனால் அவர் அதை ஒரு நாகரிக வளர்ச்சியாகத்தான் சொல்கிறார். சட்டம் என்று எழுத்தில் தெளிவாகக் கிடைப்பது ரோமில். கி.மு. 81இல் ரோமின் சர்வாதிகாரியாக இருந்த சுல்லா கொண்டுவந்த சட்டம் கொலைகாரர்களையும் நஞ்சு வைப்பவர்களையும் குறிவைத்தது. கொலை செய்யும் அல்லது திருடும் நோக்கத்தோடு ஆயுதத்துடன் நடமாடுவதே அதன்படி குற்றம். கொலை நடந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அந்தச் சட்டம் கொலைகாரனைக் குறிக்கப் பயன்படுத்திய "சிகாரியுஸ்" என்ற சொல், "சிகா" என்ற வளைந்த குறுங்கத்தியின் பெயரிலிருந்து பிறந்தது. ஸ்பானிய மொழியில் கூலிக்கொலைகாரனை இன்றைக்கும் "சிகாரியோ" என்றுதான் சொல்கிறார்கள்.

சட்டம் இருந்தும் என்ன நடந்தது? கி.மு. 44, மார்ச் 15 அன்று, ஜூலியஸ் சீசரைக் கொல்ல, ரோமின் செனட் அவைக்குள் குறுவாள்கள் போயின. ஆவணம் வைக்கும் பெட்டிகளில் ஒளித்துக் கொண்டுபோனார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். ஏட்டுக்கட்டும் ஆவணப் பெட்டியும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன: யாரும் சந்தேகப்படாத பொருளுக்குள் கத்தி.

ஜெருசலேமில் ஒரு கூட்டம் கத்தியை ஒளித்துக் கொலை செய்தது என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், ரோமானிய ஆட்சிக்கு எதிராக இருந்த அந்தக் குழுவுக்கும் சிகாரி என்றுதான் பெயர். வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் சொல்லும் காட்சி இது. திருவிழாக் கூட்டத்தில் உடைக்குள் சின்னக் கத்தியோடு கலந்துவிடுவார்கள், குறிவைத்தவரைக் குத்துவார்கள், அவர் விழுந்ததும் ஓடமாட்டார்கள், "ஐயோ, கொலை!" என்று மற்றவர்களோடு சேர்ந்து கத்துவார்கள். அதனால் யாரும் கண்டுபிடிக்க முடியவில்லை. முதலில் கொல்லப்பட்டவர் தலைமைக் குரு ஜோனத்தான். ஜோசிபஸ் அதோடு நிறுத்தவில்லை. கொலைகளைவிடக் கொலை நடக்குமோ என்ற பயம் மோசமாக இருந்தது, போரில் இருப்பது போல ஜனங்கள் ஒவ்வொரு மணி நேரமும் சாவை எதிர்பார்த்தார்கள், நெருங்கி வரும் நண்பனைக்கூட நம்ப முடியவில்லை என்கிறார். பிற்காலச் சட்டங்கள் எல்லாவற்றின் அடியிலும் இந்தப் பயம் இருக்கிறது. ஆயுதம் தெரியாத ஊரில் ஆயுதம் இல்லாதவனும் சந்தேகத்துக்கு ஆளாகிறான்.

1328ஆம் வருடத்து நார்தாம்ப்டன் சட்டம் மறைத்து வைப்பதைப் பற்றியதா?

நேரடியாக இல்லை. இங்கிலாந்தில் மூன்றாம் எட்வர்டு காலத்தில் வந்தது. பெரியவனோ சிறியவனோ, இரவோ பகலோ, சந்தையிலும் திருவிழாவிலும் அரசனின் நீதிபதிகள் முன்னாலும் ஆயுதத்தோடு வரக்கூடாது; மீறினால் ஆயுதம் பறிமுதல், ஆள் சிறையில். தெரிகிறதா மறைந்திருக்கிறதா என்று அது பிரிக்கவில்லை. ஆனால் இன்றைக்கும் அமெரிக்க நீதிமன்றங்கள் இதைப் பற்றித்தான் சண்டை போடுகின்றன, அதற்குக் காரணம் 1686இல் நடந்த சர் ஜான் நைட் வழக்கு. பிரிஸ்டல் நகரில் ஆயுதத்தோடு மாதாகோவிலுக்குள் போனார் என்று அவர்மீது இந்தச் சட்டத்தின்கீழ் குற்றம் சாட்டினார்கள், விடுதலை ஆகிவிட்டார். சும்மா ஆயுதம் வைத்திருந்தாலே குற்றமா, மக்களைப் பயமுறுத்தும் விதத்தில் போனால்தான் குற்றமா என்ற விவாதம் அப்போது கிளம்பியது, இன்னும் ஓயவில்லை.

துப்பாக்கி வந்தபிறகு என்ன மாறியது?

துப்பாக்கி வந்தவுடனே எதுவும் மாறவில்லை, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆரம்பகாலத் துப்பாக்கிகளுக்கு எரியும் திரி வேண்டும். கங்கு புகைந்துகொண்டிருக்கும் திரியை யாரும் அங்கிக்குள் ஒளிக்க முடியாது. பகலில் நாற்றம் காட்டிக்கொடுக்கும், இரவில் கங்கு காட்டிக்கொடுக்கும், துணியும் பற்றிக்கொள்ளும். 1500ஐ ஒட்டிய ஆண்டுகளில் சக்கர விசைத் துப்பாக்கி வந்ததும்தான் கதை திரும்பியது. சின்னச் சாவி ஒன்றால் எஃகுச் சக்கரத்தை முறுக்கி வைத்துவிடலாம். விசையை இழுத்தால் சக்கரம் சுழன்று கல்லில் உரசும், பொறி பறக்கும், மருந்து பற்றிக்கொள்ளும். திரியும் வேண்டாம், புகையும் இல்லை. மருந்து போட்டு முறுக்கி அங்கிக்குள் வைத்துக்கொண்டு ஒருவன் மணிக்கணக்கில் ஒரு வாசலில் காத்து நிற்கலாம், பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது.

1515இல் கான்ஸ்டன்ஸ் நகரில் நடந்ததாக ஒரு பழைய குறிப்பு இருக்கிறது. ஆக்ஸ்பர்க்கிலிருந்து வந்த ஒரு இளைஞன் இந்த மாதிரித் தானாகப் பற்றும் துப்பாக்கியைக் கையில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது அது வெடித்து, ஒரு பெண்ணின் தாடையைத் துளைத்துவிட்டது. அவளுக்கு வாழ்நாள் முழுக்க வருடாவருடம் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த இரண்டு மூன்று வருடங்களில், 1517-18இல், புனித ரோமானியப் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் இந்தத் துப்பாக்கிகளைச் செய்யவும் வைத்திருக்கவும் தடை போட்டார், முதலில் தன் ஆஸ்திரியப் பகுதிகளில், பிறகு பேரரசு முழுவதும். கைத்துப்பாக்கியைக் கட்டுப்படுத்திய மிகப் பழைய சட்டங்களில் இது ஒன்று, காரணம் அது உடைக்குள் ஒளியும் என்பதுதான்.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி வேறு வழியில் போனார், நீளத்தை அளந்தார். 1541ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்துப்பாக்கி ஒரு கெஜத்துக்குக் குறையக்கூடாது. ஒளிக்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும் என்ற எண்ணம், எளிமையான யோசனைதான். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது: வருடத்துக்கு நூறு பவுண்டு வருமானம் இல்லாதவன் கைத்துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. அன்றைக்கு அது மிகப் பெரிய பணம். இந்த வரியை மனதில் வையுங்கள், பின்னால் திரும்ப வரும்.

அப்புறம் 1584இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், தன் வீட்டுக்குள்ளேயே, டச்சுக்காரர்களின் தலைவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியம் கைத்துப்பாக்கியால் கொல்லப்பட்டார். ஐரோப்பாவின் அரண்மனைகள் எல்லாம் நடுங்கின. இங்கிலாந்தில் எலிசபெத்தும் அவருக்குப் பின் முதலாம் ஜேம்ஸும் சின்னத் துப்பாக்கிகளுக்கு எதிராகப் பிரகடனங்கள் வெளியிட்டார்கள். ஜேம்ஸின் 1613ஆம் ஆண்டுப் பிரகடனம் பையில் அடங்கும் துப்பாக்கிகளுக்கென்றே எழுதப்பட்டது.

கைத்தடிக்குள் வாளை வைத்ததையும் தடை செய்தார்களா?

செய்தார்கள், ஒரு முறை இரண்டு முறை இல்லை. பிரான்சில் பதினைந்தாம் லூயி 1728 மார்ச் 23 அன்று வெளியிட்ட ஆணையில் ஒரு பட்டியலே இருக்கிறது: குறுவாள், குறுவாள் வடிவத்தில் செய்த கத்தி, துப்பாக்கி முனை ஈட்டி, பையில் அடங்கும் துப்பாக்கி, கைத்தடிக்குள் வைத்த வாள், இவை போக "மறைவான, ரகசியமான" மற்ற எல்லா ஆயுதங்களும். வைத்திருப்பது மட்டுமில்லை, செய்வது, விற்பது, வாங்குவது எல்லாமே தடை. ஆளைப் பிடிப்பதைவிடப் பட்டறையைப் பிடிப்பது சுலபம் என்று புரிந்துகொண்டு எழுதிய ஆணை அது, எனக்கு அதில் பிடித்த விஷயமும் அதுதான்.

ஒரு பெரிய மனிதர் நடைக்குப் போகும்போது பிடித்துப்போகும் அழகான தடி, பூண் வேலைப்பாடு, யானைத்தந்தக் கைப்பிடி. பிடியைச் சற்றுத் திருகி இழுத்தால் இரண்டடி நீள மெல்லிய வாள் வெளியே வரும். நடக்க உதவும் பொருளுக்குள் கொல்ல உதவும் பொருள். அதனால்தானோ என்னவோ, நூற்றாண்டு கடந்து நாடு கடந்து எந்தப் பட்டியலை எடுத்தாலும் இது கண்ணில் படுகிறது.

உடையையே தடை செய்த அரசு உண்டா?

உண்டு, அதற்கு அந்த அரசு நல்ல விலை கொடுத்தது. ஸ்பெயினில் மூன்றாம் கார்லோஸ் மன்னரின் அமைச்சர் எஸ்கிலாச்சே, இத்தாலியிலிருந்து வந்தவர். 1766 மார்ச்சில் மாட்ரிட் நகரில் ஓர் ஆணை ஒட்டப்பட்டது: தரையைத் தொடும் நீண்ட அங்கியும் அகல விளிம்புத் தொப்பியும் இனிக் கூடாது. அங்கிக்குள் ஆயுதம் மறைகிறது, தொப்பிக்குள் முகம் மறைகிறது என்பது காரணம். முதல் முறை மீறினால் ஆறு டுகாட் அபராதம் அல்லது பன்னிரண்டு நாள் சிறை. காவலர்களோடு தையல்காரர்களும் போய்த் தெருவிலேயே அங்கிகளை வெட்டிக் குட்டையாக்கினார்கள் என்று சொல்லப்பட்டு வருகிறது.

அரசின் கவலை பொய்யில்லை, நகரத்தில் குற்றம் இருந்தது. ஆனால் அதே சமயம் ரொட்டி விலையும் ஏறியிருந்தது, பசியோடு இருந்தவர்களிடம் போய் உன் உடையைக் கழற்று என்றால் என்ன ஆகும்? மார்ச் 23, குருத்து ஞாயிறு அன்று கலவரம் வெடித்தது. அமைச்சரின் வீட்டைச் சூறையாடினார்கள், மன்னர் அரஞ்சுவேஸ் அரண்மனைக்குக் கிளம்பிப் போய்விட்டார், எஸ்கிலாச்சே நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. பிறகு பொறுப்புக்கு வந்த அராண்டா பிரபு, அந்த அகலத் தொப்பியைத் தூக்குப்போடுபவனின் உடையாக ஆக்கிவிட்டார் என்றும், அதற்குப் பிறகு யாரும் தாமாகவே அதைப் போடவில்லை என்றும் சொல்வார்கள். மிரட்டலால் நடக்காதது வெட்கத்தால் நடந்தது.

அமெரிக்காவில் எப்போது ஆரம்பித்தது?

1813இல், ஒரே வருடத்தில் இரண்டு மாநிலங்களில், கென்டக்கியிலும் லூயிசியானாவிலும். லூயிசியானா சட்டம் தன் முன்னுரையிலேயே காரணத்தைச் சொல்கிறது: கொலைகளும் கொலை முயற்சிகளும் சமீபகாலமாக அடிக்கடி நடக்கின்றன. குத்துவாளோ கத்தியோ துப்பாக்கியோ மார்புக்குள்ளோ மேலங்கிக்குள்ளோ "முழுக்க வெளியே தெரியும்படி இல்லாமல்" மறைந்திருந்தால் 20 முதல் 50 டாலர் வரை அபராதம். கென்டக்கியில் அபராதம் நூறு டாலருக்குக் குறையாது, பயணத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. பிறகு இண்டியானா, டென்னசி, ஜார்ஜியா, வர்ஜீனியா, அலபாமா என்று வரிசையாக வந்துவிட்டன.

கென்டக்கிச் சட்டம் நீதிமன்றத்தில் தோற்ற கதைதான் சுவாரசியமானது. பிளிஸ் என்பவரிடம் பிடிபட்டது, மேலே சொன்ன அதே பொருள், கைத்தடிக்குள் வாள். நூறு டாலர் அபராதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1822இல் அவரை விடுவித்தது. ஆயுதம் தாங்கும் உரிமையை மாநில அரசியல் சாசனம் கொடுத்திருக்கிறது, அதில் ஒரு பகுதியைக் குறைத்தாலும் உரிமையைக் குறைத்ததுதான் என்றது தீர்ப்பு. மாநிலம் அத்தோடு விட்டுவிடவில்லை. 1850இல் வந்த புது அரசியல் சாசனத்தில், ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்வதைத் தடுக்கச் சட்டமன்றம் சட்டம் போடலாம் என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டது.

மற்ற மாநில நீதிமன்றங்கள் பெரும்பாலும் பிளிஸ் தீர்ப்பின் வழியில் போகவில்லை. அலபாமாவில் 1840இல் வழக்கில் சிக்கியவர் ரீட், அவரே ஒரு ஷெரீப், அதாவது அந்த வட்டாரத்தின் காவல் அதிகாரி. என் உயிருக்கு ஆபத்து இருந்தது, அதனால்தான் துப்பாக்கியை மறைத்து வைத்தேன் என்றார். எடுத்துச் செல்லும் விதத்தைச் சட்டமன்றம் ஒழுங்குபடுத்தலாம், உரிமையையே இல்லாமல் ஆக்கக்கூடாது, வெளியே தெரிய வைத்துக்கொள்ள உனக்குத் தடை இல்லையே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1897இல் நாட்டின் உச்ச நீதிமன்றமும், மறைத்து எடுத்துச் செல்வதைத் தடுக்கும் சட்டங்கள் ஆயுத உரிமையை மீறுவதாகாது என்று போகிற போக்கில் குறிப்பிட்டது.

போவி கத்திக்கு ஏன் தனியாகச் சட்டம்?

1827 செப்டம்பரில் நாட்செஸ் நகரை ஒட்டி, மிசிசிப்பி ஆற்று மணல்திட்டில் நடந்த ஒரு சண்டையில் ஜிம் போவி பெரிய கத்தியோடு தப்பிப் பிழைத்தார், அந்தக் கதை பத்திரிகைகளில் பரவி அந்தக் கத்திக்கே அவர் பெயர் வந்துவிட்டது. பத்து வருடத்தில் தென் மாநிலங்கள் முழுக்க அது ஒரு மோகம். அன்றைய துப்பாக்கி ஒரு குண்டு சுடும், நனைந்தால் அதுவும் சுடாது. கத்தி ஏமாற்றாது.

1837 டிசம்பரில் அர்கன்சா சட்டமன்றத்தில் ஓநாய்த் தலைக்குப் பரிசு கொடுக்கும் மசோதா மீது விவாதம் நடந்தது. அவைத்தலைவர் ஜான் வில்சனுக்கும் உறுப்பினர் ஆந்தனிக்கும் வார்த்தை தடித்தது, இரண்டு பேரும் கத்தியை எடுத்தார்கள், அவைக்குள்ளேயே அவைத்தலைவர் உறுப்பினரைக் குத்திக் கொன்றார். அவையிலிருந்து நீக்கினார்கள், ஆனால் நீதிமன்றத்தில் விடுதலை. அதே வருடம் அலபாமா ஒவ்வொரு போவி கத்தி விற்பனைக்கும் நூறு டாலர் வரி போட்டது, அடுத்த வருடம் டென்னசி விற்பனையையே தடை செய்தது. சட்டம் எழுதும் இடத்திலேயே கத்தி இருந்த காலத்தில் இந்தச் சட்டங்கள் எழுதப்பட்டன என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

கௌபாய் ஊர்களில் எல்லாரும் துப்பாக்கியோடுதானே திரிந்தார்கள்?

இல்லை. பல ஊர்களில் நகர எல்லைக்குள் வந்ததும் துப்பாக்கியை லாயத்திலோ தங்கும் விடுதியிலோ ஒப்படைத்துவிட வேண்டும். டாட்ஜ் சிட்டியில் துப்பாக்கிக்குக் கண்டிப்பாகத் தடை என்று தெருவில் பலகையே நட்டிருந்தார்கள். டூம்ஸ்டோன் ஊரின் 9ஆம் எண் ஆணையும் இதேதான், மறைத்தாலும் தெரிந்தாலும் தடை. 1881 அக்டோபர் 26 அன்று அங்கே நடந்த புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டைக்கு உடனடிக் காரணம் இந்த ஆணையை அமல்படுத்தப் போனதுதான். அன்று காலையில்தான் அந்தச் சண்டையின் ஒரு தரப்பைச் சேர்ந்த ஐக் கிளாண்டன் இதே குற்றத்துக்காக 25 டாலர் அபராதம் கட்டியிருந்தார்.

சட்டம் இருந்தது சரி, அமல்படுத்தினார்களா?

இதற்கு ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். தென் கரோலினா மாநிலம் 1901இல் ஒரு கடுமையான சட்டம் போட்டது: இருபது அங்குல நீளமும் மூன்று பவுண்டு எடையும் இல்லாத கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லவும் கூடாது, விற்கவும் கூடாது. பையில் அடங்கும் எதுவுமே கூடாது என்று அர்த்தம். 1903 ஜனவரி 15, பகல் நேரம், தலைநகர் கொலம்பியாவில் சட்டமன்றக் கட்டடத்துக்கு அருகே பத்திரிகை ஆசிரியர் கொன்சாலஸ் நடந்து வருகிறார். தன்னைக் கடுமையாக எழுதித் தேர்தலில் தோற்கடித்தவர் என்று அவர்மீது கோபமாக இருந்த துணை ஆளுநர் ஜேம்ஸ் டில்மன் எதிரே வருகிறார். கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுகிறார். கொன்சாலஸிடம் ஆயுதம் எதுவும் இல்லை, நான்கு நாளில் இறந்துபோனார்.

வழக்கில் டில்மன் தரப்பு சொன்ன வாதம் இது: அவர் கைகள் மேலங்கிப் பைக்குள் இருந்தன, துப்பாக்கியை எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். ஜனவரிக் குளிர், பைக்குள் கை. ஜூரிகள் விடுதலை செய்துவிட்டார்கள். எனக்கு இதைப் படித்த நாளிலிருந்து மனசு ஆறவில்லை. மறைத்து வைப்பது சகஜம் ஆகிவிட்ட ஊரில் பைக்குள் கை வைத்ததே ஒரு மனிதனைச் சுடக் காரணமாகச் சொல்லப்படும். அதை மாற்றத்தான் அந்தச் சட்டம் வந்தது, ஆனால் சட்டம் இயற்றும் அரசின் இரண்டாம் நிலையில் இருந்தவரே அதைச் சட்டைசெய்யவில்லை.

அப்படியானால் யார்மீதுதான் இந்தச் சட்டங்கள் பாய்ந்தன?

எழுத்தில் எல்லாருக்கும் பொது. நடைமுறையில் ஏழைகள்மீதும், அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள்மீதும். உள்நாட்டுப் போருக்குப் பின் டென்னசியும் அர்கன்சாவும் ராணுவமும் கடற்படையும் பயன்படுத்தும் ரகத்தைத் தவிர மற்றக் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தன. அந்த ரகம் விலை அதிகம். பழைய ராணுவ அதிகாரிகள் வீட்டில் அது ஏற்கெனவே இருந்தது, விடுதலையான அடிமையிடம் இல்லை. எட்டாம் ஹென்றியின் சட்டத்தில் இருந்த நூறு பவுண்டு வருமான நிபந்தனை நினைவிருக்கிறதா? முந்நூறு வருடம் கழித்து, கடல் கடந்து, அதே வேலை.

இதை ஒரு நீதிபதியே ஒப்புக்கொண்டார். ஃபுளோரிடாவில் 1893இல் ஒரு சட்டம் வந்தது, 1901இல் திருத்தினார்கள், துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் வேண்டும் என்று. 1941இல் வாட்சன் என்பவரின் வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி பியூஃபர்டு தன் தனிக்குறிப்பில் எழுதினார்: கற்பூரத்தைலம், மரம் அறுப்பு முகாம்களுக்கு வந்த கறுப்பினத் தொழிலாளர்களை நிராயுதபாணி ஆக்கத்தான் இந்தச் சட்டம் வந்தது, வெள்ளையர்களுக்காக இதை யாரும் எழுதவில்லை, அவர்கள்மீது இதைப் பயன்படுத்தியதும் இல்லை. நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது. அதனால், ஆயுதக் கட்டுப்பாட்டை ஆதரிக்கிறவர்கள் (நானும் அதில் ஒருவன்) இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக்கூடாது.

இந்தியாவில்?

இங்கே சட்டம் மறைப்பைவிட உரிமத்தைச் சுற்றித்தான் எழுந்தது. வைசிராய் லிட்டன் காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் இந்தியருக்கு உரிமம் கட்டாயம், அதன் விதிகளில் ஐரோப்பியருக்கு விலக்கு. விடுதலைக்குப் பிறகு 1959இல் புதுச் சட்டம், 1962இல் விதிகள் (2016இல் இவற்றுக்குப் பதிலாகப் புது விதிகள் வந்துவிட்டன). 1962 விதிகளின் பட்டியலில் கூர்மையான ஆயுதத்துக்கு, ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகு என்று வரையறை இருந்தது. வீட்டு வேலை, விவசாய வேலைக் கத்திகள் அதில் சேரவில்லை. கைத்தடி வாள் அந்தப் பட்டியலிலும் இருந்தது.

1911 நியூயார்க் சட்டம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அந்த வருடம் ஜனவரியில் நாவலாசிரியர் டேவிட் கிரஹாம் பிலிப்ஸ் மன்ஹாட்டன் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். திமோத்தி சல்லிவன் என்ற அரசியல்வாதியின் பெயரில் சட்டம் வந்தது: மறைக்கக்கூடிய அளவுள்ள துப்பாக்கியை வைத்திருக்கவே உரிமம் வேண்டும், எடுத்துச் செல்வதற்குத் தனி உரிமம், அதற்கு உரிய காரணம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் பின்னால் சேர்ந்தது. அந்த நிபந்தனையைத்தான் நாட்டின் உச்ச நீதிமன்றம் 2022இல் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பில் வரலாறே அளவுகோல் ஆகிவிட்டது, இன்றையச் சட்டம் செல்ல வேண்டுமென்றால் அதற்குப் பழைய முன்மாதிரி காட்ட வேண்டும் என்றார்கள். 1328இலிருந்து நாம் பேசிக்கொண்டிருப்பதெல்லாம் திடீரென்று வக்கீல்களின் மேசைக்கு வந்ததற்குக் காரணம் இதுதான்.

இப்போது மறைத்து எடுத்துச் செல்லத்தானே உரிமமே கொடுக்கிறார்கள்?

ஆமாம், தலைகீழாகிவிட்டது. 1987இல் ஃபுளோரிடா, தகுதி இருந்தால் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமத்தைக் கேட்டவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது, அதே வருடம் வெளியே தெரிய எடுத்துச் செல்வதைத் தடை செய்தது. நூறு வருடத்துக்கு முன்னால் கண்ணியம் என்று நினைத்தது இப்போது மிரட்டல், அன்றைக்குக் கோழைத்தனம் என்று நினைத்தது இப்போது நாகரிகம். அமெரிக்காவின் கடைசி மாநிலமாக 2013இல் இல்லினாய்ஸும் மறைத்து எடுத்துச் செல்ல வழிவிட்டது. பிரிட்டன் வேறு பாதையில் போய்விட்டது. 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது இடத்தில் ஆயுதம் இருந்தால், மறைந்திருந்தாலும் தெரிந்தாலும், தக்க காரணத்தை வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு பழைய சட்டத்தைப் படிக்க எடுத்தால் முதலில் எதைப் பார்ப்பது?

தடையைச் சொல்லும் வரியை அல்ல, விலக்கைச் சொல்லும் வரியை. பயணிக்கு விலக்கா, எவ்வளவு வருமானம் உள்ளவனுக்கு, எந்த இனத்தானுக்கு, எந்த ரகத் துப்பாக்கிக்கு? அதைப் பார்த்தால் அந்த ஊர் யாரைப் பார்த்துப் பயந்தது என்று தெரிந்துவிடும். அப்புறம் அபராதத் தொகையை அன்றைய கூலியோடு வைத்துப் பாருங்கள். முன்னுரை இருந்தால் அதையும் விடாதீர்கள், எந்தச் சாவுக்குப் பிறகு அது எழுதப்பட்டது என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

பழைய கைத்தடி வாள் ஒன்று வீட்டில் இருந்தால்?

நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 1988 முதல் விற்பனைக்குத் தடை, ஆனால் நூறு வருடத்துக்கு மேல் பழையதென்றால் பழம்பொருள் என்று அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. தெருவில் எடுத்துப்போக அந்த விலக்கு உதவாது.